கடலை மறுபடியும் விசிலடிக்கிறது: ஒரு நன்றி மடல்

கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைகள் நால்வரும் நலம். பஞ்சு, மிளகு என்று இரண்டு முயல்கள். கடலை, முந்திரி என்று இரண்டு கினிப்பன்றிகள். கடலையும் முந்திரியும் நம்ம மாவட்டத்து விளைச்சல் என்பதால் மகள் அந்தப் பேர்களை வைத்தாள். விசாரித்தவர்கள் நிறையப் பேர், அதனால் நலச் செய்தியை முதலில் சொல்லிவிட்டேன். நேரில் பார்த்தவர்களுக்கு அங்கங்கே நன்றி சொன்னேன்தான். ஆனாலும் மனசு நிறையவில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

முதலில் படுத்தது கடலை. ஆவணி மாதம். ஃப்ரிட்ஜ் கதவு திறந்தாலே வீடு அதிர விசிலடிப்பவள், அன்று மூலையில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே இருந்தாள். தூக்கினால் வலியில் கத்தினாள். பின்னங்கால் மூட்டு வீங்கி, ரோமமெல்லாம் சிலிர்த்துக்கொண்டு நின்றது. எங்கோ விழுந்து அடிபட்டிருக்கும் என்று நினைத்தோம்.

மஞ்சக்குப்பம் மருந்துக்கடை ஐயா, உங்களுக்குத்தான் முதல் நன்றி. குழந்தைகளுக்குக் கொடுக்கும் அமாக்சிசிலின் சிரப் கேட்டு நான் வந்தேன். யாருக்கு என்று கேட்டீர்கள். சொன்னேன். "இதுக்கு எது ஒத்துக்கும்னு எனக்குத் தெரியாதும்மா. தெரியாம நான் குடுக்க மாட்டேன். டாக்டரைக் கேட்டுட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினீர்கள். அப்போது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மறுநாள் டாக்டர் சொன்னதைக் கேட்டபோது கை நடுங்கியது. நான் கேட்ட சிரப் பென்சிலின் வகையாம். அந்த வகை மருந்தை வாய்வழியாகக் கொடுத்தால், கினிப்பன்றிக்கும் முயலுக்கும் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் அழிந்து, கெட்டவை பெருகி, உயிரே போய்விடுமாம். ஐயா, நீங்கள் அன்று விற்காத அந்தப் பாட்டில்தான் கடலையின் உயிரைக் காப்பாற்றியது.

எதிர்வீட்டு அண்ணன் காலையில் வேலைக்குப் போவதை விட்டுவிட்டு, காரில் எங்களைப் புதுச்சேரி குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போனார். பெட்ரோலுக்குக்கூடக் காசு வாங்கவில்லை. அண்ணா, இதை நான் மறக்க மாட்டேன்.

டாக்டர் அம்மா, நீங்கள் ஊசியை எடுக்கும் முன்பு கேட்ட முதல் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. "என்ன சாப்பிடக் குடுக்கறீங்க?" நான் சொன்னேன்: கடையில் விற்கும் கலவைத் தீவனம், முயல் பெல்லெட் என்ற குச்சித் தீவனம், தினமும் கேரட், வெள்ளரிக்காய், எப்போதாவது பிரெட். கலவைத் தீவனம் என்றால் மக்காச்சோளம், சூரியகாந்தி விதை, கலர் கலராகச் சில துண்டுகள். நான்கும் இதைத்தான் சாப்பிடும் என்று விற்றவர் சொல்லியிருந்தார். "புல்லு?" என்றீர்கள். என்னிடம் பதில் இல்லை.

அடிபட்ட வலி இல்லை, வைட்டமின் சி குறைந்த வலி என்று நீங்கள் விளக்கியதை மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும். மனிதரைப் போலவே கினிப்பன்றியின் உடம்பும் வைட்டமின் சி-யைத் தானே தயாரித்துக்கொள்ளாது. முயல் தயாரித்துக்கொள்ளும். அதனால் முயல் பெல்லெட்டில் அதைச் சேர்ப்பதில்லை. அந்தப் பெல்லெட்டை மட்டும் தின்னும் கினிப்பன்றிக்கு மூட்டு வீங்கும், ஈறு கசியும், பசி போய்விடும். 1907-ல் நார்வே நாட்டு ஆக்சல் ஹோல்ஸ்டும் தியோடர் ஃப்ரோலிஷும் வெறும் தானியம் கொடுத்த கினிப்பன்றிகளுக்கு இதே நோய் வந்ததைக் கண்டார்கள், கப்பல்காரர்களைக் கொன்ற ஸ்கர்வி நோயை உலகம் புரிந்துகொள்ள அது உதவியது என்று நீங்கள் சொன்னபோது, என் மகள் கடலையை மடியில் வைத்தபடி வாய் திறந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும் என்றீர்கள். கால் குடைமிளகாயிலேயே ஏறக்குறைய அவ்வளவு கிடைத்துவிடும். நகக்கண் அளவு நெல்லிக்காய்ச் சீவல், ஒரு துண்டு கொய்யா, கொஞ்சம் கொத்தமல்லியும் கொடுக்கலாம். தண்ணீரில் சொட்டு மருந்து கலக்க வேண்டாம், வெளிச்சம் பட்டால் சத்து போய்விடும், ருசி மாறினால் தண்ணீரே குடிக்காது என்று எச்சரித்ததும் நீங்கள்தான். ஊசி போட்டு, இதையெல்லாம் கொடுத்து, ஒரு வாரத்துக்குள் கடலை நான்கு காலில் நடந்தாள்.

அடுத்த முறை முயல்களையும் கொண்டுவரச் சொன்னீர்கள். பஞ்சுவின் வாயைத் திறந்து டார்ச் அடித்து என்னைப் பார்க்கச் சொன்னீர்கள். கடைவாய்ப் பல்லின் ஓரம் முள் மாதிரி நீட்டிக்கொண்டு கன்னத்தைக் கீறியிருந்தது. இவற்றின் பற்கள் சாகும்வரை வளரும், நாள் முழுக்கப் புல்லை அரைத்தால்தான் தேயும். கேரட் இனிப்புப் பண்டம், அது சாப்பாடு இல்லை. படக்கதையில் முயல் கையில் கேரட்டைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது பெரிய பாடம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விடியற்காலையில் பஞ்சு தன் பின்பக்கம் குனிந்து எதையோ தின்பதைப் பார்த்து, வயிறு கெட்டுவிட்டது என்று நான் பயந்திருந்தேன். அது திராட்சைக் கொத்து மாதிரி வரும் மெத்தென்ற புழுக்கை, அதில்தான் புரதமும் பி வைட்டமினும் இருக்கிறது, அதைத் தின்ன விடுங்கள் என்று பொறுமையாகச் சொன்னீர்கள். நன்றி டாக்டர் அம்மா.

சரி, புல்லுக்கு எங்கே போவது? தெருவோரப் புல்லில் நாய் மூத்திரமும் களைக்கொல்லியும் இருக்கும். வெளிநாட்டு உலர்புல் விலை கட்டுப்படியாகாது. அப்போதுதான் பாகூர் அண்ணன் கிடைத்தார். மாட்டுக்காகப் போட்டிருந்த கொழுக்கட்டைப் புல்லைப் பூ முற்றுவதற்கு முன்பே அறுத்து, நிழலில் இரண்டு மூன்று நாள் புரட்டிப் போட்டு, பச்சை மாறாமல் காயவைத்து, டிவிஎஸ் ஃபிப்டியில் கட்டி எடுத்துவருகிறார். ஈரத்தோடு கட்டினால் கட்டுக்குள் சூடேறிப் பூஞ்சை பிடிக்கும் என்று முதல் கட்டைப் பிரித்து, நடுவில் என் கையை விட்டுப் பார்க்கச் சொன்னார். சில்லென்று இருந்தது. மோந்து பார்த்தேன், மழைக்கு முந்தின வயல் வாசனை. வைக்கோல் போதாதா அண்ணா என்றேன். "அது படுக்கைக்கு ஆகும்மா, வயித்துக்கு ஆகாது" என்றார்.

திருப்பாப்புலியூர் பான்பரி மார்க்கெட் கீரை அக்கா, முள்ளங்கி இலையையும் கேரட் தழையையும் எங்களுக்கென்று ஒதுக்கி வைக்கிறீர்கள். தினமும் முருங்கைக்கீரையும் அரைக்கீரையும் வாங்கிக்கொண்டிருந்தவள் ஏன் மாறினேன் என்று கேட்டீர்கள் அல்லவா? அவற்றையே தினமும் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்தும் ஆக்சலேட் என்ற உப்பும் சேர்ந்து மூத்திரப்பையில் கல் வரலாமாம், அதனால்தான் அக்கா. கோயில் வாசல் பூக்கார அம்மா, சங்கடஹர சதுர்த்தி அன்று அருகம்புல்லுக்கு அவ்வளவு கிராக்கி இருந்தும், "பிள்ளையாருக்கு ஒண்ணு, உன் முயலுக்கு ஒண்ணு" என்று ஒரு கட்டு எடுத்து நீட்டினீர்கள். கண் கலங்கிவிட்டது.

கடைசியாக, பேர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட அந்தக் கால்நடை மருத்துவ மாணவத் தம்பி. கார்த்திகையில் விடாமல் மழை பெய்த ஒரு சாயங்காலம், விருந்துக்கு வந்த பிள்ளைகள் பஞ்சுவுக்கு முறுக்கும் பிஸ்கட்டும் ஊட்டிவிட்டார்கள். மறுநாள் விடிந்ததும் கூண்டைப் பார்த்தால் புல் அப்படியே இருக்கிறது. ராத்திரி போட்ட செய்தித்தாளில் புழுக்கை நான்கே நான்கு, குறுமிளகு அளவில், முடியில் கோத்த மாதிரி. மற்ற நாளில் கொண்டைக்கடலை அளவில் நூறுக்கு மேல் கிடக்கும். போன் செய்தேன். "அக்கா, முயலுக்கு வாந்தி வராது, குடல் நின்னா உடனே பாக்கணும். சாயங்காலம் வரைக்கும் காத்திருக்காதீங்க, இப்பவே கிளம்புங்க" என்றார். ஊசி போட்டு வீட்டுக்கு வந்த பிறகு, ஊறவைத்து மசித்த பெல்லெட்டை ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுத்து, வாயின் பக்கவாட்டில், துளித்துளியாக, நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் கொடுக்கச் சொன்னார். ராத்திரி 2 மணிக்கும் அவரே கூப்பிட்டு, "புழுக்கை போட்டுச்சா அக்கா?" என்று கேட்டார். அப்போது போடவில்லை. விடியற்காலை ஐந்தரைக்கு மூன்று உருண்டை. வீட்டுக்காரரையும் மகளையும் எழுப்பிக் காட்டினேன். தம்பி, அந்த ராத்திரி நீங்கள் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

இப்போது நான்குக்கும் புல்தான் சாப்பாடு. ஆளுக்கு அதன் உடம்பளவு புல், ஒரு கைப்பிடி தழை, பெல்லெட் ஒரு ஸ்பூன். ஒரே நாளில் மாற்றாமல் இரண்டு வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலவைத் தீவனத்தைக் குறைத்தோம். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, சாக்லேட், பிரெட், பிஸ்கட் கூடவே கூடாது என்று மகள் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள். விருந்தாளிகள் தயவுசெய்து படித்துவிட்டு உள்ளே வரவும்.

பாகூர் அண்ணனுக்கு ஒரு சேதி. வியாழக்கிழமை உங்கள் வண்டி தெருமுனை திரும்பும்போதே கடலை கம்பியைப் பிடித்து எழுந்து நின்று விசிலடிக்க ஆரம்பித்துவிடுகிறாள். நீங்கள் கேட் திறக்கும்வரை நிறுத்துவதில்லை. இந்த வாரம் இரண்டு கட்டாகக் கொண்டுவாருங்கள் அண்ணா.