இரவுப் பணியில் இருந்த ஆய்வக அக்காவுக்கு

காய்ச்சலும் நடுக்கமுமாக அம்மாவைக் குளச்சலிலிருந்து நாகர்கோவிலுக்குக் கொண்டுவந்தோம். செப்சிஸ், அதாவது தொற்றால் உடல் உறுப்புகளே பாதிக்கப்படும் ஆபத்தான நிலை என்றார்கள். ஆன்டிபயாடிக் ஏற்றும் முன்பே இரு கைகளிலிருந்தும் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, இரத்தம் எடுத்தார்கள்.

மறுநாள் நள்ளிரவில் அந்த இரத்தம் இருந்த பாட்டிலில் கிருமி வளர்வதைக் கருவி காட்டியது. காலைவரை விட்டிருந்தாலும் உங்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நீங்களோ உடனே கிருமியின் வகையை அறியக் கிராம் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்து, வார்டில் தொலைபேசியை எடுக்க ஆளில்லாததால் மாடியேறி வந்து டாக்டரிடமே சொன்னீர்கள். மரபணுவை வைத்துக் கிருமியை அடையாளம் காணும் விரைவு பிசிஆர் சோதனையையும் அப்போதே தொடங்கினீர்கள். வழக்கமான முறையில் இன்னும் ஒரு நாளாவது ஆகியிருக்கும். இதில் ஓரிரு மணி நேரத்தில் ஈ.கோலை என்ற பாக்டீரியா என்றும், மருந்தெதிர்ப்பு மரபணு இருக்கிறதென்றும் தெரிந்தது. விடியுமுன் மருந்தை மாற்றினார்கள். இத்தனைக்கும் நடுவில் "சாப்பிட்டீர்களா?" என்று வேறு என்னைக் கேட்டீர்கள்!

மீன்குழம்பில் தேங்காய் போதவில்லை என்று அம்மா இப்போது சண்டை போடுகிறார். உங்கள் பெயர்ப்பட்டையை மேலங்கி மறைத்திருந்தது. இதைப் படித்தால் ஒரு வரி எழுதுங்கள், அக்கா.