செயின் பிளாக்க ஃபேன் கொக்கியில மாட்டாத

ஐயா,

நீ அனுப்பின போட்டோ கெடச்சது. பெருசாக்கி பெருசாக்கி பாத்தேன். வண்டி நல்ல வண்டிதான், கொற சொல்லமாட்டேன், நாலு கதவு வச்ச ஹெரால்டு கார் நம்ம மெட்ராஸ்ல மட்டும்தான் செஞ்சாவ, வெள்ளக்காரன்கூட அத செய்யல, அது ஒனக்கு அமைஞ்சது அதிர்ஷ்டம்தான். ஆனா என்ஜின வெளிய தூக்க போர்ட்டிகோவுல தலைக்கு மேல செயின் பிளாக், அந்த பாரம் தூக்குற சங்கிலிக் கப்பி தொங்குதே, அத எதுல மாட்டிருக்க? ஃபேன் கொக்கியிலயா? மொதல்ல போயி கழட்டு. கழட்டிட்டு வந்து மிச்சத்த படி.

ஃபேன் நாலஞ்சு கிலோ இருக்குமா. இந்த என்ஜின் கியர்பாக்ஸ் இல்லாமலே நூறு கிலோவுக்கு மேல. அதுவும் சும்மா தொங்குறது வேற, கியர்பாக்ஸ்ல மாட்டிகிட்டு வரமாட்டேன்னு நிக்கும்போது நீ செயின இழுத்துகிட்டே இருப்ப பாரு, அப்ப மேல என்ன பாரம் ஏறும்னு யாருக்கும் தெரியாது. அந்தக் கொக்கிய சிலாப்புக்குள்ள எந்தக் கம்பியில மாட்டி கான்கிரீட் போட்டான்னு வீட்டுக்காரனுக்கே தெரியாது. வாடக வீடு வேற. பிளாக்குல ஒரு டன்னு எழுதிருக்குன்னு சொல்லுவ, எழுதிருக்கது பிளாக்குக்கு, ஒன் கூரைக்கு இல்ல.

ஒத்தையில இத செய்யாத. அத மட்டும் மனசுல வச்சுக்கோ.

அங்க கேரளாவுல ஆலுவா களமசேரி பக்கம் எத்தன பட்டறை இருக்கு, என்ஜின் தூக்குற கிரேன் ஒண்ண ஒரு நாள் வாடகைக்கு கேளு, தருவான். அதுலயும் கைய நீட்ட நீட்ட தாங்குற எடை கொறஞ்சுகிட்டே வரும், ஒவ்வொரு ஓட்டைக்கும் பக்கத்துலயே எழுதிருப்பான், வாசிச்சுட்டு மாட்டு. கிரேன் கெடைக்கலேன்னா இரும்பு பைப்புல முக்காலி போட்டு தூக்கலாம், ஆனா மூணு காலையும் கீழ சங்கிலியால ஒண்ணோட ஒண்ணு கட்டணும், ஒன் போர்ட்டிகோ டைல்ஸ் தரை, மழத்தண்ணி பட்டா வழுக்கும், கால் விரிஞ்சா எல்லாம் முடிஞ்சுது.

மேல தூக்குறத பெருசா நெனைக்காத, அதுக்கு முன்ன கழட்டுறதுலதான் வேலையே. பானட்ட முழுசா எடுத்துரு, மட்கார்டு ஹெட்லைட்டு எல்லாம் அதோடதான் ஒட்டிருக்கு, லைட் வயர பிரிச்சுட்டு ரெண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சாத்தான் கோணாம வரும். ரெண்டு பேர்னு சொல்லுதேன். அங்க ஒனக்கு கூட மாட யாரு இருக்கா? பேட்டரியில பாடிக்குப் போற வயர மொதல்ல கழட்டு, பழைய ஹெரால்டுல பாடிக்கு போறது ப்ளஸ்ஸாக்கூட இருக்கும், நெறத்த பாத்து கழட்டாத, வயர் எங்க போகுதுன்னு பாரு. தண்ணி, ஆயில் ரெண்டையும் வடிச்சுட்டு ரேடியேட்டர எடு. பெட்ரோல் பைப்ப பம்புல இருந்து பிரிச்ச உடனே அடச்சுரு, டிக்கில டேங்க் இருக்குல்லா, விட்டா அது பாட்டுக்கு ஒழுகும், பக்கத்துல ஊதுபத்தி, பீடி எதுவும் கூடாது, அந்த பீடி பழக்கம் உனக்கு இன்னும் இருக்கான்னு நான் கேக்கல. சைலன்சர் பைப், சோக் வயர், ஆக்ஸிலேட்டர், டைனமோ, ஸ்டார்ட்டர் மோட்டார். எல்லாரும் மறக்குறது என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்க அந்தப் பின்னல் எர்த் பட்டி. அரையடி தூக்கினப்புறம் என்னமோ பிடிக்குதேன்னு தேடுவாங்க, அதுதான் பிடிக்கும்.

என்ஜினும் கியர்பாக்ஸும் சேருற பெல் ஹவுசிங் மேல் போல்ட்டுக்கு வெளிய இருந்து ஸ்பேனர் போகலேன்னு போராடாத. முன்சீட்டு நடுவுல இருக்க டன்னல் கவர கழட்டினா உள்ள உக்காந்துகிட்டே போட்டு எடுத்துரலாம். கியர்பாக்ஸுக்கு கீழ ஜாக்கி குடுத்து பலகையோட தாங்கிக்கோ. என்ஜின நேரா முன்னால இழுக்கணும், கியர்பாக்ஸ் ஷாஃப்ட் கிளட்ச் பிளேட்ட விட்டு முழுசா வெளிய வர்ற வரைக்கும் மேல தூக்கவே கூடாது. பாதியில தூக்கினா என்ஜின் பாரம் பூரா அந்த ஷாஃப்ட்டு மேல ஏறும், பிளேட்டு வளையும். வெளிய வந்த நொடி என்ஜின் ஒரு ஆட்டு ஆடும் பாரு, என்ஜின் உக்காந்திருந்த மவுண்டிங்கிலயும் பாடியிலயும் அந்தா இந்தான்னு முட்டும், அந்த நேரம் ஒருத்தன் செயின்ல, ஒருத்தன் என்ஜினுக்கு பக்கவாட்டுல. முன்னால நிக்காத, கீழ கைய விடாத. நம்ம பட்டறைக்கு நாலு கடை தள்ளி ஒரு பையனுக்கு ரெண்டு விரல் போனது உனக்கு தெரியும், அவன் கைய விட்டது விழுந்த வாஷர எடுக்க.

சங்கிலிய மேல ராக்கர் கவர்லயோ மேனிஃபோல்டுலயோ சுத்தாத, ஹெட் ஸ்டட்டுல தூக்குறதுக்குன்னே வளையம் இருக்கும், அதுல ரெண்டு பக்கமும் மாட்டு. சங்கிலியோட ரெண்டு காலும் நல்லா கூம்பா நிக்கணும், ரொம்ப விரிஞ்சா ஆவாது. 120 டிகிரி விரிஞ்சுதுன்னா பாரம் ரெண்டா பிரியாது, ஒவ்வொரு காலும் முழு எடைய இழுக்கும். கிணத்துக் கயிறு நைலான் கயிறெல்லாம் வேண்டாம், இரும்பு ஓரம் பட்டா அறுத்துரும்.

முக்காலியில தூக்குறதா இருந்தா, தூக்கினதும் என்ஜின நகத்தாத, வண்டிய பின்னால தள்ளு. அதுக்கும் ஆள் வேணும். உடனே தரைக்கு இறக்கு, தொங்கவிட்டுட்டு டீ குடிக்க போகாத. வண்டிக்கு அடியில படுக்குறதா இருந்தா ஸ்டாண்டு குடு, அங்கன வெட்டுக்கல்லும் ஹாலோ பிளாக்கும் வாசலுக்கு வாசல் கெடக்குன்னு அத அண்டக் குடுக்காத, வெடிச்சா சொல்லிட்டு வெடிக்காது. சுமட்டுக்காரங்க ரெண்டு பேர கூப்பிட்டாலும் நல்லதுதான், தூக்குறது அவங்க தொழில், கூலி குடு, பேரம் பேசாத. வேல செய்யாம பாத்துகிட்டு நிக்கிறதுக்கே கேக்குற நோக்குகூலிய 2018லயே கவர்மெண்டு நிறுத்திட்டு, பயப்படாத.

நீ பத்தாவது படிக்கும்போதே அம்பாசடர் டைமிங் செயின ஒத்தையில மாட்டினவன், அத இன்னும் பட்டறைக்கு வர்றவங்ககிட்ட சொல்லிகிட்டுதான் இருக்கேன். ஆனா வண்டி வாங்குமுன்ன ஒரு வார்த்த என்கிட்ட கேட்டியா? எவனோ வீடியோவுல பேசுறத கேக்க, நாப்பது வருசம் கிரீஸ்ல கிடந்தவன கேக்கமாட்ட. சரி, அது போகட்டும்.

இங்க சாரல் தொடங்கிட்டு. குத்தாலத்துல கூட்டம். அக்கா வீட்ல எல்லாம் சொகம், புளியர மாமாவுக்கு கண்ணு ஆபரேசன் ஆச்சு. வேற ஒண்ணும் இல்ல.

போட்டோவ உங்கம்மாவும் பாத்தா. அவ வண்டிய பாக்கல. போர்ட்டிகோவுல எப்பவும் நிக்கிற சின்னவ சைக்கிள காணோமே, மருமக ஸ்கூட்டரும் இல்லியேன்னா. கொடியில ஒன் சட்டையா கெடக்குன்னா. என்ஜின் வேலைக்காக எடம் ஒதுக்கிருப்பான், உள்ள வச்சிருப்பான்னு நான் சொன்னேன். அதுக்கு அவ ஒண்ணும் சொல்லல, போன மாசம் மருமக போன் எடுத்தப்ப பேசின பேச்ச மறுபடி சொல்லிகிட்டிருந்தா. நான் கேக்கலப்பா. என்ஜின் தூக்க ஒனக்கு ரெண்டாவது ஆள் யாருன்னுதான் கேக்கேன். ஒத்தையில செய்யாத.

வர்ற வியாழக்கெழம ராத்திரி பாலருவி ரயில்ல நான் ஏறுதேன், காலையில ஆலுவா வந்துருவேன். நம்ம பெரிய முக்காலியும் நல்ல சங்கிலியும் பார்சல்ல போட முடியுமான்னு ஸ்டேசன்ல கேக்கணும், இல்லேன்னா சங்கிலிய மட்டும் சாக்குல சுத்தி கையோட கொண்டாறேன். அதுவரைக்கும் பானட்டு, ரேடியேட்டர், வயர், இத மட்டும் கழட்டி வை, போல்ட்ட எல்லாம் ஒரே டப்பாவுல போடாத, எது எங்கனுள்ளதுன்னு பேப்பர்ல எழுதி சுத்தி வை. மவுண்டிங்கில கைய வைக்காத.

உங்கம்மா வழிக்கு மட்டுமில்லாம வீட்டுக்கும் சேத்து புளியோதரையும் தொவையலும் கட்டித் தாறேன்னு நிக்கா, சின்னவளுக்கு முந்திரிக்கொத்து சுடட்டுமான்னு கேக்கா. எத்தன பேருக்குன்னு மட்டும் ஒரு வரி போடு. புதன்கெழமைக்குள்ள போட்டா அவ அரிசி ஊறப்போட தோதா இருக்கும்.

அப்பா
செங்கோட்டை