‘எண்பதைத் தாண்டினால் மருந்து போதும்’ என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழின் மருத்துவப் பகுதியில், எண்பதைத் தாண்டியவர்களுக்குப் பித்தநாளத்தில் (பித்தம் குடலுக்குப் போகும் குழாயில்) கல் இருந்தால் எண்டோஸ்கோப்பி வரை போகாமல் மருந்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று ஒரு வரி. இருபது வருடமாக உங்கள் இதழை வாங்குகிறவள் நான். மனசு ஆறாமல்தான் எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு 84 வயது. போன ஆடியில் நாலு நாள் சாப்பிடாமல் கிடந்தார், பேச்சும் முன்னுக்குப் பின் முரணாக வந்தது. வயிற்றுவலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதலில் காட்டிய இடத்தில், “வயசாயிடுச்சும்மா, அப்படித்தான் இருக்கும்” என்று டானிக் எழுதிக் கொடுத்தார்கள். கண் மஞ்சளானதும் சொந்தக்காரர்கள் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். அதில் ஒரு வாரம் போயிற்று. குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்த பிறகுதான் ஸ்கேன் எடுத்தோம். கல் நாளத்தை அடைத்து, தேங்கிய பித்தத்தில் கிருமி சேர்ந்திருந்தது. ஆன்டிபயாட்டிக் கிருமியை அடக்கும், அடைப்பை எடுக்குமா? உங்கள் கட்டுரையாளருக்கு இது தெரியாததா?

அப்புறம் ஈ.ஆர்.சி.பி. என்கிற எண்டோஸ்கோப்பிச் சிகிச்சை செய்தார்கள். வாய்வழியாகக் குழாயை விட்டு, நாளத்தின் வாயைக் கொஞ்சம் கீறி, பலூனால் கல்லை இழுத்தார்கள். வயிற்றில் ஒரு தையல் இல்லை. மூன்றாம் நாள் அம்மா ரசம்சாதம் கேட்டார். கணையம் வீங்கலாம், இரத்தம் கசியலாம் என்று முன்கூட்டியே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் 1974இல் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் தொடங்கிய இந்தக் கீறல் முறை, பெரிய ஆபரேஷனைத் தாங்காத முதியவர்களுக்குத்தானே பெரிதும் கைகொடுத்தது? அவர்களையே வேண்டாம் என்று ஒதுக்கினால் எப்படி?

போன வருடம் இதே பகுதியில் பித்தப்பைக் கல்லுக்கு வாழைத்தண்டுச் சாறு என்று போட்டிருந்தீர்கள். சிறுநீரகக் கல்லும் பித்தக்கல்லும் வேறுவேறு என்று அப்போதே எழுதினேன். பதில் இல்லை.

இன்னொன்று. கல்லை ஒரே தடவையில் எடுக்க முடியாமல் என் பெரியப்பாவுக்கு பிளாஸ்டிக் ஸ்டென்ட், அதாவது பித்தம் வழிய நாளத்துக்குள் ஒரு சின்னக் குழாய், வைத்தார்கள். மூன்று மாதத்துக்குள் எடுக்கவோ மாற்றவோ வேண்டும் என்று சீட்டில் ஒரு வரி இல்லை, வாயாலும் சொல்லவில்லை. எட்டாம் மாதம் அது அடைத்துக்கொண்டு, காய்ச்சலோடு அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அடுத்த இதழில் அந்த வரியைத் திருத்துங்கள். கூடவே, ஸ்டென்ட் வைத்தவர்கள் அதை எடுக்கும் தேதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு பெட்டிச் செய்தியும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திண்டுக்கல்.