இரை எடுக்காத பாம்புக்குஞ்சின் வாயைத் திறக்க வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

வீட்டில் வளர்க்கும் பாம்புக்குஞ்சு ஒரு மாதமாக இரை எடுக்கவில்லை என்று வருந்தி அன்பர் ஒருவர் தங்கள் நாளிதழுக்கு எழுதியிருந்தார். அதற்கு மற்றொரு வாசகர், அதன் வாயைத் திறந்து கோழி இறைச்சித் துண்டு ஒன்றை உள்ளே தள்ளிவிடலாம் என்று சென்ற வாரம் பதில் கூறியிருந்தார். நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அதே யோசனையைக் கேட்டு நடந்து, ஒரு சிறிய உயிரைச் சாவின் விளிம்பு வரை கொண்டுபோய்த் திரும்பியவன் நான் என்பதால் இதை எழுதுகிறேன்.

குலசேகரத்தில் ரப்பர் விவசாயம் செய்து வருகிறேன். கல்லூரி விடுதிக்குச் சென்ற என் மகள், தான் வாங்கிய பால் பைத்தான் குஞ்சை மே மாத இறுதியில் என் பொறுப்பில் விட்டுச் சென்றாள். (இது ஆப்பிரிக்காவைச் சேர்ந்த நஞ்சற்ற மலைப்பாம்பு வகை. காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படியும் 2024ஆம் ஆண்டு விதிகளின்படியும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தே வளர்க்க வேண்டும். நாங்களும் பதிவு செய்திருக்கிறோம்.) பெயரில் உள்ள 'பால்' என்பது ஆங்கிலத்தில் பந்தைக் குறிக்கும் சொல். அச்சம் வந்தால் தலையை நடுவில் மறைத்துக்கொண்டு பந்துபோலச் சுருண்டுவிடுவதால் வந்த பெயர் அது. இந்தப் பாம்பைப் பற்றி அறிய வேண்டிய முதல் செய்தியே அந்தப் பெயரில்தான் இருக்கிறது என்பது எனக்குப் பிந்தித்தான் புரிந்தது.

வந்த அன்று அதன் எடை 64 கிராம். ஒவ்வொரு வாரமும் எலிக்குஞ்சை நீட்டினேன். ஒவ்வொரு வாரமும் தலையைத் திருப்பிக்கொண்டது. நாகர்கோவில் நாகராஜா கோயிலில் ஆவணி ஞாயிறுதோறும் பால் ஊற்றி வழிபட்டுப் பழகிய என் தாயார், கொஞ்சம் பால் வைத்துப் பார்க்கச் சொன்னார். நாகர் சிலைக்குப் பால் ஊற்றுவது நம் வழிபாடு. ஆனால் உயிருள்ள பாம்புக்குப் பால் உணவன்று, அது செரிக்காது என்று நான் விளக்கியபோது அவர் ஏற்றுக்கொண்டார். அன்றுமுதல் கூண்டிலுள்ள கிண்ணத்தில் தினமும் தண்ணீர் மாற்றி வைப்பது அவர்தான்.

நான்காவது வாரம் எடை 58 கிராமாகக் குறைந்தது. பத்தில் ஒரு பங்கு எடை போய்விட்டது என்ற பதற்றத்தில், விற்றவரைத் தொலைபேசியில் அழைத்தேன். வாயைத் திறந்து இறைச்சித் துண்டை உள்ளே தள்ளுங்கள் என்றார். தள்ளினேன். என் இரு விரல்களுக்கிடையே அந்தச் சிறிய கழுத்து முறுக்கிய முறுக்கும், ஈறின் ஓரத்தில் கடுகளவு கசிந்த ரத்தமும் இப்போதும் கண்முன் நிற்கின்றன. மறுநாள் காலையில், உள்ளே தள்ளிய துண்டு கோழையோடு தரையில் கிடந்தது. பாம்பு கக்குவது நாம் வாந்தி எடுப்பதைப் போன்ற சிறிய செய்தியன்று. உணவுக்குழாய் புண்ணாகிறது, செரிமான நீரும் உடலின் ஈரமும் வீணாகின்றன, குஞ்சாக இருந்தால் இரண்டு மூன்று முறை கக்குவதே அதன் உயிரைக் குடிக்கப் போதுமானது.

அன்றே நாகர்கோவிலில் ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றேன். வாயில் சீழ் உள்ளதா, செதில்களுக்கிடையே உண்ணி உள்ளதா, மூச்சில் இரைப்பு உள்ளதா என்று பார்த்துவிட்டு, நோய் எதுவும் இல்லை, பாம்பு பயந்துபோயிருக்கிறது, குளிரிலும் இருக்கிறது என்றார். கக்கிய பாம்புக்குப் பத்து நாளாவது ஓய்வு தர வேண்டும், அதுவரை இரையைக் காட்டவே கூடாது, கையிலும் எடுக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

அந்தப் பத்து நாளில் நான் பாம்பை விட்டுவிட்டு அதன் வீட்டைக் கவனித்தேன். கண்ணாடித் தொட்டி, வீட்டார் அனைவரும் நடமாடும் கூடத்தில், தொலைக்காட்சிக்கு அருகில் இருந்தது. ஆப்பிரிக்கப் புல்வெளியில் பகல் முழுவதும் எலி வளையிலும் கறையான் புற்றிலும் ஒடுங்கிக் கிடக்கும் இனத்தை நான்கு பக்கமும் திறந்த வெளிச்சத்தில் வைத்திருந்தேன். தொட்டியைப் பின்னறைக்கு மாற்றி, மூன்று பக்கமும் பழைய நாளிதழை ஒட்டினேன். இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளில் வாசல் அறுத்து, ஓரத்தைத் தேய்த்து வழுவழுப்பாக்கி, சூடான பக்கத்தில் ஒன்றும் குளிர்ந்த பக்கத்தில் ஒன்றுமாகக் கவிழ்த்து வைத்தேன். மறைவிடம் பெரிதாக இருப்பதால் பயனில்லை. சுருண்டிருக்கும்போது உடல் சுவரில் உரச வேண்டும், அப்போதுதான் அதற்குப் பாதுகாப்பு தோன்றும்.

அடுத்தது வெப்பம். நம் மாவட்டத்தில் யாரும் பாம்புக்குக் குளிரும் என்று நினைப்பதில்லை, நானும் நினைக்கவில்லை. ஆனால் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்ட அந்த நாள்களில், இரவில் தொட்டிக்குள் வைத்த வெப்பமானி 23 டிகிரி காட்டியது. இந்தப் பாம்புக்கு ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி வரையும், மறுபக்கம் 26 டிகிரி அளவிலும் இருக்க வேண்டும். பாம்பின் உடல் தானாகச் சூட்டை உண்டாக்கிக்கொள்வதில்லை. வெளிச்சூடு இல்லாவிட்டால் வயிற்றில் போன இரை செரிக்காமல் அழுகும். ஆகவே குளிரில் அது இரையை மறுத்தது பிடிவாதத்தால் அன்று, உடலறிவால். தொட்டிக்கு அடியில் ஒரு பக்கமாக வெப்ப விரிப்பும், அதைக் கட்டுப்படுத்தத் தெர்மோஸ்டாட்டும் பொருத்தினேன். மழைக்காலத்தில் எங்கள் பகுதியில் மின்சாரம் அடிக்கடி போகும் என்பதால் இன்வெர்ட்டரில் இணைத்தேன். தெர்மோஸ்டாட் இல்லாமல் வெப்ப விரிப்பை வைத்தால் பாம்பின் வயிறு வெந்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும்.

இரையிலும் தவறு செய்திருந்தேன். ரோமம் முளைக்காத சிவந்த எலிக்குஞ்சு, பால் பைத்தான் குஞ்சின் கண்ணுக்கு இரையாகவே படாமல் போகலாம். உடலின் மிகத் தடித்த இடத்தின் அளவுக்கு, எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இருக்கும் ரோமம் முளைத்த சுண்டெலிக் குஞ்சே பொருத்தம். உறைய வைத்ததை முதல்நாளே குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருகவிட்டு, நெகிழிப் பையிலிட்டு வெந்நீரில் நனைத்து, ஈரம் துடைத்து, தலைப்பக்கம் சற்றுக் கூடுதல் சூடாக இருக்கும்படி நீட்ட வேண்டும். இந்தப் பாம்பின் மேலுதட்டு ஓரத்தில் சூட்டை உணரும் சிறு குழிகள் உள்ளன. ஆறிப்போன எலி அதற்கு ஒரு கல்லைப் போன்றது.

பதினோராம் நாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு நீட்டினேன், எடுக்கவில்லை. மறுநாளே மீண்டும் தொந்தரவு செய்ய வேண்டும் என்று கை துடித்தாலும் ஆறு நாள் காத்திருந்தேன். இரண்டாம் முறை, சிரட்டையின் வாசலில் மூக்கு மட்டும் தெரிந்தது. இடுக்கியில் பிடித்த எலியை வாசலுக்கு முன் மெல்ல அசைத்தேன். நாக்கு இரண்டு முறை வெளியே வந்தது. மூன்றாம் முறை மிக மெதுவாக, நுனி நடுங்க வந்து நின்றது. கழுத்து வளைந்து பின்வாங்கியது. அடுத்த கணம் எலி இடுக்கியில் இல்லை. சிரட்டைக்குள் அது இறுக்கிச் சுருளும் ஓசை கேட்டது. நான் மூச்சு விடவும் அஞ்சிக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். அடுத்த இரண்டு நாள் யாரும் அந்த அறைக்குள் செல்லவில்லை.

எழுதியிருந்த அன்பர் இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். கண் நீலம் பூத்து மங்கியிருந்தால் பாம்பு சட்டை உரிக்கப் போகிறது. உரித்து முடிக்கும்வரை இரையை மறுப்பது இயல்பு. இரண்டாவது, தோப்பில் பிடித்த எலியைத் தரவே கூடாது. தென்னையில் எலி ஏறாமல் இருக்க நாம் வைக்கும் மருந்தைத் தின்ற எலி ஓடியாடித் திரிந்து சில நாள் கழித்தே சாகும். அதை விழுங்கும் பாம்புக்கும் அந்த நஞ்சு போகும். இதையெல்லாம் சரிசெய்த பின்னும் எடை பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ மருத்துவரிடமே செல்ல வேண்டும். வாய்வழி ஊட்டுவது தேவையா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

எங்கள் பாம்பு இன்று காலை 83 கிராம் இருந்தது. அந்த அன்பரின் பாம்பு இரை எடுக்காமல் இப்போது ஐந்தாவது வாரமாகியிருக்கும் என்பதால், இக்கடிதத்தை விரைந்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.