கருந்துளை பற்றிக் கேட்கும் பிள்ளைக்குக் கணக்கோடு பதில் சொல்லுங்கள்

கடலூர், புதுச்சேரிப் பள்ளிகளின் அறிவியல் ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

கருந்துளை ஒன்று பூமியை விழுங்கப்போகிறது என்னும் காணொளிகள் நம் பிள்ளைகளின் செல்பேசிகளில் ஓயாமல் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு, "அது பக்கத்தில் வந்தால் மனிதர்கள் பிழைப்பார்களா?" என்று கேட்கும் பிள்ளையிடம், "அதெல்லாம் நடக்காது, பாடத்தைக் கவனி" என்று சொல்லிவிடுவது எளிது. நடக்காது என்பது ஏறக்குறைய உண்மையும்கூட. ஆனால் அந்தப் பிள்ளை கேட்டது நல்ல இயற்பியல் கேள்வி. பதினோராம் வகுப்பு ஈர்ப்பியல் பாடத்தைக் கொண்டே அதற்கு விடை காண முடியும் என்பதால், அந்த விடையை வகுப்பிலேயே கணக்காகப் போட்டுக் காட்டும்படி உங்களை வேண்டிக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

முதலில், விழுங்கப்படுவோம் என்னும் அச்சம். சூரியனைப்போல் 10 மடங்கு நிறையுள்ள கருந்துளையின் நிகழ்வெல்லைக்கு (உள்ளே போனால் ஒளிகூடத் திரும்ப முடியாத எல்லை) ஆரம் சுமார் 30 கி.மீ.தான், கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு உள்ள தூரத்தைவிடச் சற்றே கூடுதல். தொலைவில் உள்ள பொருளை அது ஈர்ப்பதும் அதே நிறையுள்ள விண்மீன் ஈர்ப்பதும் ஒன்றுதான். சூரியனை எடுத்துவிட்டு அதே நிறையுள்ள கருந்துளையை அங்கு வைத்தால், பூமி இருண்டு உறைந்துபோகுமே தவிர அதன் சுற்றுப்பாதை மாறாது.

உண்மையான ஆபத்து பாதை குலைவதில் இருக்கிறது. சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலான 15 கோடி கி.மீ. தூரத்தை ஓர் அலகாகக் கொள்வோம். (இந்தத் தூரத்தைத் துல்லியமாக அறிய, வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்ப்பதற்காகத்தான் பிரெஞ்சு வானியலாளர் லெ ழாந்தீல் புதுச்சேரியில் காத்திருந்தார், 1769 ஜூன் 4 காலையில் மேகம் மறைத்துவிட்டது. நம் மண்ணுக்கும் இந்தக் கணக்குக்கும் உள்ள இந்த உறவையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.) ஈர்ப்பு தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், 10 மடங்கு நிறையுள்ள கருந்துளை 10இன் வர்க்கமூலமான 3.16 அலகு தூரத்துக்கு வந்தால், அது பூமியை இழுக்கும் விசையும் சூரியன் இழுக்கும் விசையும் சமமாகிவிடும். அதே கருந்துளை 100 அலகு தள்ளிப் போனால், சூரியனையும் பூமியையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இழுக்கும். இரண்டையும் இழுப்பதில் உள்ள வேறுபாடுதான் பாதையைக் குலைக்கும்; அது பூமி மீதான சூரிய ஈர்ப்பில் லட்சத்தில் 2 பங்குதான். ஆனால் 30 அலகு தள்ளியிருக்கும் நெப்டியூனுக்கு அந்த வேறுபாடு சூரிய ஈர்ப்போடு ஒப்பிடத்தக்கதாக இருக்கும். வெளிக்கோள்கள் கலைந்தபின் உள்கோள்கள் நெடுங்காலம் அமைதியாகச் சுற்றும் என்று யாரும் உறுதி கூற முடியாது.

பூமி தூக்கி எறியப்படாமல், அதன் பாதை சற்று நீண்டாலே போதும். இன்று ஜனவரிக்கும் ஜூலைக்கும் இடையே பூமி பெறும் வெயிலில் சுமார் 7 சதவீத வேறுபாடுதான் இருக்கிறது. பாதையின் மையப்பிறழ்ச்சி (வட்டத்திலிருந்து பாதை எவ்வளவு நீண்டிருக்கிறது என்னும் அளவு) 0.2 ஆனால், மிக அருகில் உள்ளபோது கிடைக்கும் வெயில், மிகத் தொலைவில் உள்ளபோது கிடைப்பதைப்போல் இரண்டேகால் மடங்காகிவிடும். அப்போது காட்டுமன்னார்கோயிலில் சம்பா எந்த மாதத்தில் நடுவது? பூமி முற்றாக எறியப்பட்டாலோ, இறுதியில் காற்றே உறைந்து பனியாகத் தரையில் படியும். கடலின் மேற்பரப்பு இறுகினாலும், உள்வெப்பத்தால் அடியில் நீர் நெடுங்காலம் நீராகவே இருக்கும். அணுவாற்றலையும் புவிவெப்பத்தையும் கொண்டு நிலத்தடியில் சில ஆயிரம் பேர் வாழ்வது இயற்பியல்படி முடியாததன்று. மனித இனம் பிழைக்குமா என்ற கேள்விக்கு ஒருவேளை ஆம் என்று சொல்லலாம். இன்று வாழும் 800 கோடிப் பேரும் பிழைப்பார்களா என்றால் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். இந்த இரண்டு விடைகளையும் சேர்த்தே சொல்லுங்கள். ஒன்றை மட்டும் சொல்வது பிள்ளையை ஏமாற்றுவதாகும்.

எச்சரிக்கை கிடைக்குமா என்பது அடுத்த கேள்வி. நொடிக்கு 30 கி.மீ. வேகத்தில் வரும் ஒன்று, ஓர் ஒளியாண்டை (ஒளி ஓராண்டில் செல்லும் தூரம்) கடக்கச் சுமார் 10,000 ஆண்டுகள் ஆகும். நெருங்க நெருங்க, பின்னணி விண்மீன்களின் ஒளி வளைவதும் வெளிக்கோள்களின் தடம் பிசகுவதும் அதைக் காட்டிக்கொடுக்கும். யுரேனஸின் தடம் பிசகியதை வைத்துத்தான் 1846இல் நெப்டியூனையே கண்டுபிடித்தார்கள். ஆனால் எச்சரிக்கையின் எல்லையை நம் மாவட்டம் அறியும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது தேவனாம்பட்டினத்துக்கு எச்சரிக்கையே வரவில்லை. 2011இல் தானே புயல் வருவது முன்னரே தெரிந்திருந்தும், பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் எங்கே கொண்டுபோய் வைக்க முடிந்தது?

நிகழும் வாய்ப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இதுவரை அறியப்பட்டவற்றுள் மிக அருகில் உள்ள கையா பிஎச்1 என்னும் கருந்துளையே 1,500 ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கிறது. 100 அலகுக்குள் ஒன்று வந்து போவதை எதிர்பார்த்தால், பிரபஞ்சத்தின் வயதான 1,380 கோடி ஆண்டுகளும் போதாது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான்: ஈர்ப்பியல் பாடம் நடத்தும்போது ஒரு பாடவேளையை இந்தக் கேள்விக்கு ஒதுக்குங்கள். நிறையையும் தூரத்தையும் மாற்றி மாற்றி மாணவர்களே கணக்கிடட்டும். லாசுப்பேட்டைக் கோளரங்கத்துக்கு அழைத்துச் செல்வதாக இருந்தால், இந்தக் கணக்கைப் போட்ட பின் அழைத்துச் செல்லுங்கள். அங்கே அவர்கள் கேட்கும் கேள்விகள் வேறு தரத்தில் இருக்கும். பயிற்சித்தாள் வேண்டும் ஆசிரியர்களுக்குத் தமிழில் எழுதித் தர ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
மஞ்சக்குப்பம், கடலூர்.