ஆண்டறிக்கை 2024–25: கேனட் கப்பலோடு ஒரு வருடம்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, அங்கத்தவர்களே, வணக்கம்.

இங்கிலாந்தின் மெட்வே ஆற்றங்கரையில் இத்தனை காலம் குடியிருந்தும் சாட்டம் கப்பல்துறைக்குள் கால் வைக்காதவர்கள் நம் வாசிப்பு வட்டத்தில் நிறையப் பேர் என்று சென்ற பொதுக்கூட்டத்தில் ஒருவர் குறைப்பட்டார். நியாயம்தான். எனவே இந்த ஆண்டின் மாதக் கூட்டங்களை ஒரே பொருளுக்கு ஒதுக்கினோம்: விக்டோரியா காலத்து டொட்டரெல் வகுப்புக் கப்பல்கள். ஒரே வடிவமைப்பில் கட்டி, நீராவியிலும் பாயிலும் ஓடிய ஒன்பது ஸ்லூப்கள், அதாவது சிறு போர்க்கப்பல்கள், அவை. இன்று மிஞ்சியிருப்பது கேனட் ஒன்றுதான், அதுவும் நம் ஊர் உலர்துறையில், நீரை வெளியேற்றிக் கப்பலைப் பழுதுபார்க்கும் துறையில்.

இந்தத் தேர்வு எல்லோருக்கும் பிடித்துவிடவில்லை. "போர்க்கப்பல் என்றால் பெரிய இரும்புக் கவசக் கப்பலைப் பற்றிப் பேசலாமே" என்று முதல் கூட்டத்திலேயே கேட்டார்கள். கேனட் 170 அடி நீளம், 36 அடி அகலம், 1,130 டன் எடை. குண்டை வாய்ப்பக்கமாகத் திணிக்கும் 7 அங்குலப் பீரங்கி இரண்டு, 64 பவுண்டு குண்டு சுடும் பீரங்கி நான்கு. 1878இல் ஷியர்னஸில் நீரில் இறக்கப்பட்டபோதே, கவசக் கப்பல் ஒன்றின் முன்னால் இது நின்று பிடித்திருக்காது. ஆனால் இதன் வேலை அதுவல்ல. தொலைதூரக் கடல்களில் வருடக்கணக்காகச் சுற்றி, வணிகக் கப்பல்களுக்குக் காவல் இருந்து, பிரிட்டிஷ் பேரரசின் கொடியைக் காட்டிக்கொண்டிருப்பதுதான் வேலை. அந்தப் பேரரசு யாரிடமிருந்து எதைக் காத்தது என்ற வாதமும் கூட்டத்தில் கிளம்பியது. அது இன்னும் முடியவில்லை, முடியவும் வேண்டாம்.

எந்திரம் வந்த பிறகும் பாய்மரம் எதற்கு? கடற்படையின் பழைமைப் பிடிவாதம் என்றுதான் பலரும் நினைத்திருந்தோம். பொறியியலாளராக இருந்து ஓய்வுபெற்ற நம் அங்கத்தவர் ஒருவர் அதைத் தெளிவாக்கினார். எந்திரத்தில் கேனட் மணிக்குச் சுமார் 11 கடல் மைல் ஓடும், ஆனால் கரியை விழுங்கிக்கொண்டே ஓடும். பசிபிக்கில் கரி ஏற்றும் துறைமுகங்கள் ஒன்றுக்கொன்று வெகு தூரம். காற்று இருக்கும்வரை பாய், காற்று விழுந்தாலோ ஒடுங்கிய நீரிணையில் நுழைந்தாலோ சண்டை என்றாலோ எந்திரம். இதைப் பிடிவாதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, கணக்குத் தெரிந்தவர்கள் செய்த வேலை.

கப்பலின் உடலும் அதே கணக்கில் செய்ததுதான். கடற்படையின் தலைமைக் கப்பல் வடிவமைப்பாளர் நதானியல் பார்னபியின் வடிவமைப்பில் சட்டகம் இரும்பு, அதன்மேல் தேக்குப் பலகை, நீர்மட்டத்துக்குக் கீழே செப்புத் தகடு. இரும்பின்மேல் செம்பை நேரடியாக அடித்தால் கடல்நீரில் இரும்பு அரித்துப்போகும். நடுவில் மரம் இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. செம்பு இருப்பதால் பாசியும் கப்பற்புழுவும் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. வெப்பக் கடலில் உலர்துறையைத் தேடாமல் நெடுநாள் இருக்கலாம். இந்த வகுப்பில் டிராகன் என்ற கப்பல் கடற்படையின் கிழக்கிந்திய நிலையத்தில் இருந்தது, அந்த நிலையத்தின் தளங்களில் ஒன்று திருகோணமலை. திருகோணமலைக்காரர்கள் நம் வட்டத்தில் கணிசமாக இருப்பதால் அன்றைய கூட்டம் முடிய இரவாகிவிட்டது.

மனதைக் கனக்க வைத்தது டொட்டரெலின் கதை. வகுப்புக்கே பெயர் தந்த இந்தக் கப்பல் இங்கே சாட்டத்தில் கட்டப்பட்டு 1880இல் நீரில் இறங்கியது. பசிபிக் போகும் வழியில், 1881 ஏப்ரல் 26 அன்று, தென்னமெரிக்காவின் தெற்கு முனையில் உள்ள மகெல்லன் நீரிணையில் புன்டா அரீனாஸ் அருகே நங்கூரமிட்டிருந்தபோது வெடித்து மூழ்கியது. 143 பேர் இறந்தார்கள். முதலில் கரிக் கிடங்கில் சேர்ந்த வாயுமேல் பழி போட்டார்கள். அப்புறம் டிரையம்ப் என்ற வேறொரு கப்பலிலும் வெடிப்பு நடந்த பிறகே, வண்ணப்பூச்சைச் சீக்கிரம் காயவைக்கச் சேர்க்கும் ஒரு திரவத்தின் ஆவிமேல் சந்தேகம் திரும்பியது. எதிரியின் குண்டு எதுவும் படாமல், பெயின்ட் சாமான்களோடு இருந்த அந்தத் திரவ ஜாடியால் ஒரு கப்பல் போனது. இதே வகுப்பைச் சேர்ந்த ஃபீனிக்ஸும் 1882இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவருகே தரைதட்டி அழிந்தது.

கேனட்டுக்கு ஆயுசு கெட்டி. 1888இல் செங்கடல் கரையில் சூடானின் சுவாக்கின் நகரத்தை அந்நாட்டுக் கிளர்ச்சியாளர்களான மஹ்தி படைகள் முற்றுகையிட்டபோது கிட்டத்தட்ட ஒரு மாதம் பீரங்கி முழக்கியது. 1903 முதல் பயிற்சிக் கப்பல். 1913இல் ஹாம்பிள் ஆற்றில் இருந்த மெர்க்குரி பயிற்சிப் பள்ளிக்குப் போய், மாணவர்கள் தூங்கும் இடமாக 1968 வரை நின்றது. அந்தப் பள்ளியை நெடுங்காலம் நடத்தியவர் சி. பி. ஃப்ரை, ரஞ்சித்சிங்ஜியுடன் சசெக்ஸுக்கு ஆடிய அதே கிரிக்கெட் வீரர். நிர்வாகத்தில் அவர் மனைவி பியட்ரிஸின் கைதான் ஓங்கியிருந்தது. ஆண்டிலேயே அதிகக் கூட்டம் வந்தது ஃப்ரை பேச்சுக்குத்தான். கப்பலுக்காக வந்தார்கள் என்று குறிப்பேட்டில் எழுத எனக்குத் துணிவில்லை.

கோடையில் எல்லோருமாகக் கப்பலைப் பார்க்கப் போனோம். ஏற்பாடு செய்த பேருந்து தாமதமாக வந்தது. கீழ்த்தளப் படிகள் செங்குத்து, கூரை தாழ்வு. முழங்கால் வலி உள்ளவர்கள் மேல்தளத்திலேயே உட்கார்ந்து வடையும் தேநீருமாகச் சமாளித்தார்கள். அடுத்த முறை இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

சந்தாவில் மாற்றம் இல்லை. நிலுவை வைத்திருப்பவர்கள் இன்று பொருளாளரைப் பார்த்துவிட்டுச் செல்லவும்.

அடுத்த ஆண்டுக்கு ஒரு முன்மொழிவு: ஹார்ட்டில்பூலில் இருக்கும் டிரிங்கோமலி கப்பலைப் பார்க்கப் போவது. 1817இல் பம்பாயில் தேக்கில் கட்டிய பாய்க்கப்பல் அது. தூரம் அதிகம், இரவு தங்க வேண்டிவரும், செலவு பற்றிப் பொருளாளர் முகம் சுளிக்கிறார். சபை விவாதித்து முடிவெடுக்கட்டும்.

மண்டபம் தந்தவர்களுக்கும், பேசியவர்களுக்கும், வடை சுட்டவர்களுக்கும் நன்றி. இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்