இரு மடங்கு என்றால் எத்தனை பேர்?

ஆசிரியருக்கு, வணக்கம்.

சமூக ஊடகங்களில் ‘அறிவுஜீவி’ என்பது வசைச்சொல்லாகிவிட்டதைப் பற்றிய தங்கள் தலையங்கம் மக்களின் அறியாமையைக் காரணமாகச் சொல்கிறது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. தடுப்பூசியோ பருவநிலையோ, எந்தச் சண்டையை எடுத்தாலும் நிபுணர்களை ஏசுகிறவர்களில் படித்தவர்கள் நிறையவே இருக்கிறார்கள். ஆய்வுக் கட்டுரையின் இணைப்பையும் கூடவே கொண்டுவந்து போடுகிறார்கள். கணக்குப் போடும் இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். அந்தக் கணக்கை ஊடகங்களும் சரியாகச் சொல்லிக்கொடுப்பதில்லை.

1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு ஓர் எச்சரிக்கை விடுத்தது. மூன்றாம் தலைமுறைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தக்குழாயில் உறைகட்டி உண்டாகும் ஆபத்து இரு மடங்காகிறது என்றது. செய்தி அப்படியே பரவியது. ஆய்வில் இருந்ததோ இவ்வளவுதான்: பழைய மாத்திரை சாப்பிட்ட 7,000 பெண்களில் ஒருவருக்கு வந்தது, புதியதைச் சாப்பிட்ட 7,000 பேரில் இருவருக்கு வந்தது. இரு மடங்கு என்பது பொய்யில்லை. ஆனால் கூடியது 7,000 பேருக்கு ஒருவர். பயந்துபோய்ப் பலர் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் சுமார் 13,000 கூடின என்று மதிப்பிடப்பட்டது. கர்ப்ப காலத்தில் ரத்தம் உறையும் ஆபத்து அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம் என்பதுதான் இதில் கொடுமை.

இதே வித்தையின் இன்னொரு வடிவம், ‘மருத்துவமனையில் கிடப்பவர்களில் பாதிக்கு மேல் தடுப்பூசி போட்டவர்கள்’ என்ற பதிவு. ஒரு பேச்சுக்கு 1,000 பேரை எடுத்துக்கொள்வோம். 900 பேர் ஊசி போட்டவர்கள், 100 பேர் போடாதவர்கள். போட்டவர்களில் நூற்றுக்கு ஒருவரும் போடாதவர்களில் நூற்றுக்கு ஐந்து பேரும் மருத்துவமனைக்குப் போகிறார்கள் என்றால், அங்கே படுத்திருப்பவர்கள் முறையே 9 பேர், 5 பேர். ஆக 14 பேரில் 9 பேர் ஊசி போட்டவர்கள்! பதிவு சொல்வது உண்மை, ஊசி ஆபத்தை ஐந்தில் ஒன்றாகக் குறைத்திருப்பதும் உண்மை. இந்தப் பதிவின் கீழே போய் ‘முட்டாள்’ என்று எழுதுவதால் ஆவது ஒன்றுமில்லை. ‘ஊசி போட்டவர்கள் மொத்தம் எத்தனை பேர்?’ என்று ஒரே கேள்வி கேட்டால் போதும். பதில் வராவிட்டாலும், படிக்கிற நாலு பேருக்கு எங்கே இடிக்கிறது என்று தெரிந்துவிடும்.

‘நிபுணர்களும்தான் தப்பு செய்திருக்கிறார்களே’ என்பது அடுத்த வாதம். செய்திருக்கிறார்கள், மழுப்பத் தேவையில்லை. கொரோனா காற்றில் பரவுவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 28 அன்று ட்விட்டரில் அடித்துச் சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் 239 அறிவியலாளர்கள் கையெழுத்திட்டு, சான்றுகளோடு அதை மறுத்தார்கள். கொரோனாவுக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்ட ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்து குறித்து ‘லான்செட்’ மருத்துவ இதழில் 2020 மே 22 அன்று வந்த கட்டுரையின் தரவு சந்தேகத்துக்குரியது என்று பிற ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். ஜூன் 4 அன்றே கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. வயிற்றுப்புண்ணுக்குக் காரணம் பாக்டீரியா என்று சொன்ன ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல், 1984இல் அதைத் தானே குடித்துக் காட்டிய கதையை எல்லோரும் சொல்வார்கள். குடித்ததோடு நின்றிருந்தால் அது கதையாகவே போயிருக்கும். ஆன்டிபயாடிக் கொடுத்தவர்களையும் கொடுக்காதவர்களையும் ஒப்பிட்ட சோதனைகள்தான் மருத்துவ உலகை அசைத்தன. 2005இல் ராபின் வாரனோடு நோபல் பரிசும் வந்தது. நிபுணரைத் திருத்த வழி உண்டு. அது சான்றைக் கொண்டுவருகிறவனுக்குத் திறக்கிற வழி.

நிபுணர் என்றால் எதில் நிபுணர் என்பதையும் பார்க்க வேண்டும். லைனஸ் பாலிங் 1954இல் வேதியியலுக்கும் 1962இல் அமைதிக்கும் நோபல் பெற்றவர். அவரே வைட்டமின் சி-யை அள்ளிச் சாப்பிட்டால் புற்றுநோயாளிகளுக்கு நல்லது என்றார். அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை நடத்திய சோதனைகளில் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பெயருக்குப் பின்னால் வரும் பட்டத்தை மட்டும் பார்த்துப் பகிர்கிறவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது. ‘நான் டாக்டர், நீ யார்?’ என்று கேட்டு வாயை அடைக்கும் டாக்டர்களுக்கும் இது பொருந்தும்.

இனி, வாதாடும் முறை. அபத்தத்தை உருவாக்குவதைவிட அதை மறுக்கப் பத்து மடங்கு உழைப்பு ஆகும் என்று ஆல்பெர்ட்டோ பிராண்டோலினி என்ற இத்தாலிய மென்பொருளாளர் 2013இல் சொன்னது வேடிக்கையாகத் தோன்றினாலும் நடப்பு அதுதான். ஒரே பதிவில் பத்துக் குற்றச்சாட்டு இருந்தால் பத்துக்கும் பதில் எழுதப் புறப்படக் கூடாது. ஒன்பதை உடைத்தாலும், விட்டுப்போன பத்தாவதைக் காட்டி ‘பதில் இல்லை’ என்பார்கள். முடிவு முழுவதும் எதன் மேல் நிற்கிறதோ அந்த ஒன்றை மட்டும் எடுத்து, ‘இதை மட்டும் பேசுகிறேன்’ என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சரியான தகவல் முதல் வரியில் வரட்டும். தவறானதை ஒரே ஒரு முறை குறிப்பிட்டு, அது எப்படி ஏமாற்றுகிறது என்று விளக்கி, மறுபடி சரியானதில் முடிக்கலாம். பொய்யைத் தலைப்பாகப் போட்டு ‘இது பொய்’ என்று எழுதுவது வீண் வேலை. திரும்பத் திரும்பக் கேட்ட கூற்று உண்மைபோலத் தோன்றும் என்பது 1977 முதலே ஆய்வுகளில் காணப்படுவது.

நன்னூல் அடுக்கும் எழுவகை மதங்களில், அதாவது கொள்கைகளில், ஒன்று ‘பிறர்தம் மதமேற் கொண்டு களைவு’. எதிராளியின் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைவது. இணையச் சண்டையில் இதைக் காண்பது அரிது. எதிராளி சொல்லாததை அவர் வாயில் திணித்து அடிப்பதுதான் வழக்கமாக இருக்கிறது. இரண்டு பதிலுக்கு மேல் போகாமலிருப்பது என் பரிந்துரை. மூன்றாவதிலிருந்து பெரும்பாலும் ஆளைப் பற்றிய பேச்சுதான்.

ஒரு தளம் நம்பத்தக்கதா என்று பார்க்க அந்தத் தளத்தையே மேலும் கீழும் படித்துக்கொண்டிருப்பது பலனளிக்காது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் வரலாற்றுப் பேராசிரியர்கள்கூட அப்படிப் படித்து, முகப்பின் மிடுக்கில் ஏமாந்தார்கள். தகவல் சரிபார்ப்பாளர்களோ சீக்கிரமே வேறு பக்கங்களைத் திறந்து, இந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடித் தப்பினார்கள்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். மருத்துவ ஆய்வுச் செய்திகளில் எத்தனை பேரிடம் ஆய்வு நடந்தது, ஆபத்து எத்தனை பேரில் எத்தனை பேருக்கு, சக ஆய்வாளர்களின் பரிசீலனை முடிந்ததா, பணம் கொடுத்தது யார் என்ற நான்கையும் ஒரு சிறு கட்டத்தில் போடுங்கள். அந்த ஆய்வு பின்னர் திரும்பப் பெறப்பட்டால், முதல் செய்தி வந்த அதே பக்கத்தில் அதே அளவில் அதையும் வெளியிடுங்கள். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான எம்எம்ஆர் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்ட கட்டுரை 1998இல் வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதப்பட்டது. 2010இல்தான் அது திரும்பப் பெறப்பட்டது. முதல் செய்தியைப் படித்தவர்களில் பலருக்கு இரண்டாவது இன்னும் போய்ச் சேரவில்லை.

இப்படிக்கு,
புள்ளியியல் ஆசிரியர் ஒருவர்